சாட்சி சொன்ன பிறகு

1. டீச்சர் ஆன நாள்

என்னை முதன்முதலில் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டவர் ஒரு மேஸ்திரி. கேலியாகத்தான் கூப்பிட்டார்.

“என்ன டீச்சரம்மா, எத்தனாவது படிச்சிருக்கீங்க?”

“ஒம்பதாவது. பெயில்.”

“அப்ப சரி. இதுங்களுக்கு அது போதும்.”

எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனிக் கட்டடங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த காலம். வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் சைட்டிலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஒரு சின்ன டிரஸ்ட் அங்கேயே பள்ளி நடத்தியது. அதுவும் தகரக் கொட்டகைதான். படித்தவர்கள் யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. நான் போனேன்.

அதற்கு முன் ஆம்பூரில் ஷூவின் மேல்தோலான அப்பர் தைத்தேன். பீன்யாவில் கார்மென்ட்ஸில் செக்கிங் பார்த்தேன். நடுவில் மைசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவினேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. யாரும் துரத்தவில்லை, நானாகவே கிளம்பிவிடுவேன். இந்த வேலையில் மட்டும் தங்கிவிட்டேன். இங்கே நான் கிளம்புவதற்குள் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். கட்டடம் முடிந்தால் லாரி வரும். அடுப்பு, சட்டி, பிள்ளை எல்லாம் ஏறிவிடும். என்னிடம் படித்த எந்தப் பிள்ளையும் ஒரு பாடப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை முடித்ததில்லை.

2. தூளி கட்டிய வகுப்பு

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெண் பிள்ளைகள் தனியாக வரமாட்டார்கள், இடுப்பில் தம்பியோ தங்கையோ இருக்கும். “பாப்பாவ விட்டுட்டு வா” என்று சொன்னால் மறுநாள் அவளும் வரமாட்டாள். அதனால் கூரைக் கம்பியில் பழைய சேலைகளால் தூளி கட்டினேன். ஒரு கை தூளியை ஆட்டும், இன்னொரு கை சிலேட்டில் எழுதும். குழந்தை அழுதால் பாடம் நிற்கும். நிற்கட்டும்.

சந்தோஷமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒருநாள் ஒரு பையன் வேர்க்கடலைப் பொட்டலத் தாளை விரித்து, “கா…ல…மா…னார்” என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டான். வகுப்பே கைதட்டியது. காலமானவர் யார் என்று ஒருவரும் கவலைப்படவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் நின்றபடியே கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அப்போது காக்ஸ் டவுனில் ரோஸி அக்கா வீட்டில் ஒரு அறையில் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரோடு சபைக்குப் போவேன். ஆராதனைக்கு நடுவில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் உடம்பு சுகமானதையும் மகனுக்கு வேலை கிடைத்ததையும் சொல்வார்கள். நான் ‘காலமானார்’ கதையைச் சொன்னேன். சிரித்தார்கள், அல்லேலூயா என்றார்கள். அதுவரை என் வாழ்க்கையில் யாரும் நான் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்டதில்லை. சபை கேட்டது. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

3. ஹாஸ்டல் சீட்

செல்விக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும். அப்பா முருகன் சென்ட்ரிங் வேலை, அம்மா சித்தாள். திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள். மற்ற பிள்ளைகளுக்கு நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். செல்விக்குப் புத்தகத்தைக் கொடுத்தால் போதும்.

கட்டடம் முடிந்தது. சென்ட்ரிங் ஆட்களை ஐதராபாத் சைட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அங்கே போனால் அவள் மணல் சுமப்பாள், வேறு ஒன்றும் நடக்காது. முருகனிடம் பேசினேன்.

“சீட்டு கெடச்சா வுட்டுட்டுப் போறேன் டீச்சர். கெடைக்கலன்னா கையோட கூட்டினு போயிடுவேன். இங்க யாருகிட்ட வுட்டுட்டுப் போறது?”

“அப்ப தம்பிய யாரு பாத்துப்பா?” என்றாள் அவன் மனைவி.

“நீ சும்மா இரு. டீச்சர் சொல்றாங்க இல்ல.”

காக்ஸ் டவுன் பக்கத்தில் ஏழைப் பெண் பிள்ளைகளுக்கான ஒரு ஹாஸ்டல் இருந்தது. வெள்ளிக்கிழமை போய் வார்டன் அம்மாவைப் பார்த்தேன்.

“ஒரு வாரத்துல ஒரு எடம் காலியாவும் போல இருக்கும்மா. எனக்கு ஆயிரம் வேலை. நடுவுல ஒரு தடவ வந்து ஞாபகப்படுத்துங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தேன். “செல்விக்கு ஹாஸ்டல்ல எடம் கொடுத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றேன். இன்னும் கொடுக்கவில்லை, தெரியும். ஆனால் கிடைக்கும் முன்பே கிடைத்ததாக நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று எங்கள் சபையில் பழக்கம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சபைப் பெண்கள் மகிழ்ந்துபோய்த் தட்டு, டம்ளர், பாவாடை, ஒரு டிரங்குப் பெட்டி எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் வார்டனைப் பார்க்கச் செருப்பை மாட்டினேன்.

“எங்க கெளம்பிட்ட?” என்றார் ரோஸி அக்கா.

“ஹாஸ்டலுக்குக்கா. ஒரு தடவ ஞாபகப்படுத்திட்டு வந்துடறேன்.”

“சபை முன்னாடி சாட்சி சொல்லிட்டு, மறுபடியும் போய்க் கேப்பியா? அப்ப கர்த்தர் மேல நம்பிக்க இல்லன்னுதானே அர்த்தம்?”

எனக்கும் அது சரியென்றே பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டேன்.

4. பஸ்ஸில்

சனிக்கிழமை செல்வியைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு போனேன். வார்டன் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“என்னம்மா, வரவேயில்லியே நீங்க? வேணாம்னு வுட்டுட்டீங்கன்னு நெனச்சேன். நேத்துதான் வேற ஒரு பொண்ண சேத்தேன்.”

“ஒரு ஓரமாப் படுத்துக்குவாம்மா.”

“எல்லாரும் அதான் சொல்றாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

திரும்பி வரும்போது செல்வி அழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்தாள். அந்தப் பக்கம் அங்கங்கே தமிழ்ப் பலகை உண்டு. சர்ச் பெயரைப் படித்தாள், பூக்கடையைப் படித்தாள். அல்சூர் தாண்டியதும் எல்லாம் கன்னடமும் இங்கிலீஷும் ஆகிவிட்டது. அவள் வாய் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, “ஐதராபாத்துல தமிழ் போர்டு இருக்குமா டீச்சர்?” என்றாள்.

“தெரியல கண்ணு” என்றேன். அந்த வாரம் முழுக்க நான் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை லாரி வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் ஏறியிருந்தார்கள். “நீங்க என்னா பண்ணுவீங்க டீச்சர், அவ தலையெழுத்து” என்றான் முருகன். செல்வி என்னைப் பார்க்காமல் தம்பிக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தாள்.

5. சபையில்

சைட்டிலிருந்து நேராகச் சபைக்குப் போனேன். ஆராதனை பாதி முடிந்திருந்தது. பாஸ்டர் என்னைப் பார்த்ததும், “நம்ம டீச்சரம்மா பொண்ண ஹாஸ்டல்ல வுட்டுட்டு வந்திருப்பாங்க, ஒரு வார்த்தை சொல்லட்டும்” என்றார்.

எழுந்து, நடந்ததைச் சொன்னேன்.

“கர்த்தருடைய சித்தம் அப்படி இருந்திருக்கு” என்றார் பாஸ்டர்.

“இல்லீங்கய்யா. வார்டன் வரச் சொன்னாங்க, நான் போகல. இதுல கர்த்தர இழுக்காதீங்க.”

ரோஸி அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லை. பெட்டி யாருக்கும் வேண்டாமல் கட்டிலடியில் கிடந்தது.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சபையை நான் விடவில்லை. ஒரு பிள்ளை ஒரு வார்த்தையைப் படித்தால் இன்றைக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன், படித்து முடித்த பிறகு. புதிதாக வருகிற டீச்சர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஜெபம் பண்ணுங்கள். ஜெபம் முடிந்ததும் பஸ் ஏறிப் போய்க் கேளுங்கள். ‘பார்க்கலாம்’ என்றால் மறுநாளும் போய் நில்லுங்கள். எரிந்து விழுவார்கள். விழட்டும்.

ஐதராபாத்திலிருந்து திரும்பி வரும் ஆட்களிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போன மாதம்கூட ஒருவரிடம் கேட்டேன். “சென்ட்ரிங் முருகன் மக செல்வி. இப்ப பெரிய பொண்ணா இருப்பா. நல்லாப் படிப்பா.”

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

“படிக்கிற பொண்ணா? அப்படி யாரும் அங்க இல்லீங்களே டீச்சர்.”