டிரம் பலகையில் ஒரு புகையறை

இருதயராஜ் மாமா புகை போட்ட கறியைத் தின்று எங்கள் ஊர் பேரணாம்பட்டில் ஒரு நாய் செத்துவிட்டதாம். வாணியம்பாடி அஸ்பாக் சொன்னதாக என்னோடு வேலை செய்யும் ராஜேஷ் சொன்னான். அஸ்பாக்குக்கு யார் சொன்னார்களோ, தெரியாது. மஸ்கட்டில் எனக்கு அன்று வேலை ஓடவில்லை.

மாமா என் அம்மாவின் அண்ணன். முப்பத்தோரு வருடம் தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டியவர். அறை அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய் அது. உள்ளே தோலும் குரோம் ரசாயனத் தண்ணீரும் சுழலும். டிரம் பழசானால் பலகையைக் கழற்றி விற்பார்கள். கரையான் தொடாது என்பதால் எங்கள் தெருவில் கோழிக்கூண்டுக்கும் குளியலறைக் கதவுக்கும் அதுதான்.

அமிர்தவள்ளி அத்தை இறந்த பிறகு மாமா வீட்டுக்குப் பின்னால் கறிக்குப் புகை போட ஓர் அறை கட்டினார். உள்சுவருக்கும் அதே பலகையை அடித்தார். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் நாலு பேர் கறிக்காக வருவார்கள். வந்தவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அதற்காகத்தான் கட்டினார் என்று நினைக்கிறேன். அவர் சொன்னதில்லை. நாய்ப் பேச்சு கிளம்பியதும் ஒருவரும் வரவில்லை.

போன் செய்தேன்.

“நாயா? கறிக்கடை வாசல்லதான்டா கீது. என்னைவிட கொழுப்பு ஜாஸ்தி அதுக்கு.”

“நாயை விடுங்க மாமா. பலகையில குரோம் ஊறியிருக்கு. சூடு பட்டா கறிக்கு ஆகாது. கழட்டிடுங்க.”

“முப்பது வருசம் அதுக்குள்ள கைய வுட்டேன். எனக்கு இன்னா ஆச்சு?”

“கையத்தானே விட்டீங்க, தின்னலையே!”

சிரித்தார். “சரி, மேல ஜி.ஐ. தகடு அடிச்சிர்றேன்.”

“ஐயோ, அதுல துத்தநாகப் பூச்சு. நெருப்புகிட்ட ஆகாது. பெயின்ட், பிளைவுட் எதுவும் வேணாம். வெறும் செங்கல், களிமண் சாந்து. கறி மாட்ட எவர்சில்வர் கம்பி. கழட்டின பலகைய அடுப்புல வச்சிடாதீங்க.”

“மஸ்கட்ல குந்திகினு கொத்தனார் வேலை பாக்குற!”

ஆனால் செய்தார். பத்து நாளில் படம் அனுப்பினார். செங்கல் உள்சுவர், பளபளக்கும் கம்பி, பக்கத்தில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி.

அடுத்த ஞாயிறும் யாரும் வரவில்லை.

நேற்று அவரே கூப்பிட்டார். “பழைய கறி ரெண்டு கிலோ டப்பாவுல கீது. நாளைக்கு பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல, அவனுங்க எதுருலயே தின்னு காட்டப் போறேன்.”

“அது பலகை அறையில போட்டதாச்சே மாமா!”

“அதத்தானே விசம்னு சொல்றானுங்க? புதுசத் தின்னா எவன் நம்புவான்?”

“வரலன்னா விடுங்க மாமா.”

“நீ வர்றியா?”

கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இப்போது ஊரில் மணி எட்டேகால். எட்டரைக்குப் பூசை முடியும். விடிந்ததிலிருந்து ஏழு தடவை அழைத்துவிட்டேன். எட்டாவது தடவையும் மணி போய்க்கொண்டே இருக்கிறது.