வயிற்றைப் புரட்டிய மருந்து

தலைவலியா, காய்ச்சலா, கால் வீக்கமா, எதற்கும் கொஸ்லந்தைக்கு மேலிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரர் ஒரே போத்தலைத்தான் சாய்ப்பார். பேதி மருந்து. வாய் வைத்த டம்ளரைக் கழுவாமலே அடுத்த ஆளுக்கு நீட்டுவார். அதை நினைத்தாலே ரெங்கம்மாவுக்குக் குமட்டும்.

1954இல் அவளுக்குப் பிள்ளை வயிற்றிலேயே கலைந்தது. உதிரப்போக்கு நிற்கவில்லை. அப்படியும் கொழுந்து பறிக்கப் போனாள். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டியது. ஒருநாள் கூடையோடு தண்ணீர்க் கானுக்குள் சாய்ந்தாள்.

"மாய்மாலம் பண்றா," என்றார் கணபதிக் கங்காணி.

மருந்துக்காரர் நாடிகூடப் பிடித்துப் பார்க்கவில்லை. "வயித்துல அழுக்கு. குடி."

அன்று முழுக்கக் கக்கூஸுக்கும் லயத்து வீட்டுக்குமாய் அலைந்தாள். மறுநாளும் விழுந்தாள், மறுபடியும் அதே மருந்து. தன் சேலை நாற்றம் தனக்கே சகிக்கவில்லை. அடுத்த தடவை சரிவில் உருண்டு மணிக்கட்டு முறிந்தது. முறிந்த எலும்புக்குப் பேதி கொடுக்க முடியாதே! புருஷன் இராசையா அவளை லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டர் சரவணமுத்து நல்ல கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். நம்பாமல் இன்னொரு தடவையும் அடித்துப் பார்த்தார்.

"பிரசர் நல்லாக் குறைஞ்சு கிடக்கு. வயித்தாலை போகுதோ?"

"மருந்து குடிச்சாப் போகுதுங்க."

"என்னத்துக்குக் குடிச்சனீர்?"

"மயக்கத்துக்குங்க."

டாக்டரின் முகம் கோணியது. "ஏற்கெனவே இரத்தம் போயிருக்கு. உடம்பிலை மிஞ்சின தண்ணியையும் பேதியாலை எடுத்துப்போட்டாங்கள். மனுசி விழாமல் என்ன செய்யும்?"

மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டு, உதிரப்போக்கை நிறுத்தி, ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். சில நாளில் எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள். பட்டினியாய் மலை ஏறக் கூடாது, படுத்த இடத்திலிருந்து சட்டென்று எழும்பக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வந்தவளை மருந்துக்காரர் கூப்பிட்டு விட்டார். "ஆஸ்பத்திரி மருந்து சூடு. இதக் குடிச்சாத்தான் எறங்கும்."

ரெங்கம்மா ஒரு வாய் வாங்கி அவர் மேசையிலேயே துப்பினாள். "நாய்கூட மோந்து பாக்காதுங்க இத!"

அதற்குத் தண்டனையாக ஒரு வாரம் அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. இராசையா கெஞ்சியும் நடக்கவில்லை. அவள் மன்னிப்பும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் மருந்துக்காரருக்கு இன்னும் பெரிய தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. வழியனுப்ப மாலையும் வாழைக்குலையும் தயாராயின. கங்காணி அவளையும் கூப்பிட்டார்.

"அந்த ஆளு போற எடத்துச் சனத்த நெனச்சா வயித்தப் பொரட்டுது. நீங்க போங்க," என்று சொல்லிவிட்டு ரெங்கம்மா விறகுக்குப் போனாள்.