சுருளுக்குப் பக்கத்தில் ஒரு மேடு

திரையில் அந்தச் சிறிய மேடு எழுந்த மதியம் இன்னும் நினைவிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு ஆய்வு வேலைக்கு வந்து இரண்டாம் ஆண்டு. புரதத்தைப் போல ஸ்பிரிங்காகச் சுருண்டு நிற்கும் செயற்கைச் சங்கிலிகள்மீது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவது என் வேலை. சங்கிலியின் பிணைப்புகள் அதிரும். எந்த அலையெண்ணில் ஒளியை விழுங்குகின்றன என்று பார்த்தால், சங்கிலி சுருண்டிருக்கிறதா நீண்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அன்று திரையின் வரைகோட்டில் சுருளுக்கு உரிய உச்சத்தை ஒட்டி இன்னொரு மேடு. யாரும் இதுவரை காணாத புதுவகைச் சுருள் என்று நம்பினேன். பேராசிரியர் உடனே கட்டுரை எழுதச் சொன்னார். சில மாதங்களில் முடியவிருந்த என் ஒப்பந்தம் நீளும் என்று மனசு துள்ளியது.

அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டவள் என் வயதுக்காரி, சிங்கப்பூரிலேயே உட்லண்ட்ஸ் பகுதியில் வளர்ந்தவள். மதியச் சாப்பாடு எங்களுக்கு ஒரே மேசையில்தான். அவள் திரையை வெகுநேரம் பார்த்தாள். "இது உன் சங்கிலிதானா? சுத்தம் பண்ண யூஸ் பண்ற ஆசிட் மிச்சம் இருந்தா, அதே இடத்துலதான் பீக் வரும் லா."

"நீ மெஷினப் பாத்துக்க. கெமிஸ்ட்ரிய நான் பாத்துக்கறேன்."

சொன்ன மறுகணமே அவள் முகம் மாறியதைக் கண்டேன். ஆனாலும் மன்னிப்புக் கேட்காமல் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவள் வேறு மேசையில் சாப்பிட்டாள். எனக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட ஓடவில்லை. நான்காம் நாள், அவள் சொன்ன மிச்ச அமிலத்தைப் போக்க, மாதிரியை நீர்த்த வேறோர் அமிலத்தில் கரைத்து, உறையவைத்து உலர்த்தினேன். அதையே மூன்று முறை செய்தேன். அளந்து பார்த்தபோது சுருளின் உச்சம் அப்படியே நின்றது. பக்கத்து மேடு இல்லை.

தட்டை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போனேன். அழுகைதான் வந்தது. அவள் தன் தட்டிலிருந்த பொரித்த மீனில் பாதியை எனக்கு வைத்தாள். "இத்தனை நாளா உங்கிட்ட பேசாம இருந்ததுதான் எனக்குக் கஷ்டமா போச்சு. சாப்பிடு. ப்ரொஃபசர்கிட்ட சேர்ந்தே போவோம்."

போனோம். அவர் திட்டவில்லை. ஆனால் ஒப்பந்தமும் நீளவில்லை. கிளம்புமுன், இந்த அமிலத்தால் மற்றவர்களும் ஏமாறக்கூடும் என்று ஒரு சிறு குறிப்பு எழுதினேன். முதல் பெயராக அவள் பெயரை இட்டேன். "நான் என்ன பண்ணேன்?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது இதே நகரின் மறுகோடியில் வேறோர் ஆய்வகத்தில் இருக்கிறேன். நான் எழுதிய நீண்ட கட்டுரைகள் பல வந்துவிட்டன. எதையும் நான் சட்டம் போட்டு மாட்டியதில்லை. அந்த ஒன்றரைப் பக்கக் குறிப்பை மட்டும், அது அச்சில் வந்த அன்றே, அவள் சிராங்கூன் ரோட்டுக் கடையில் லேமினேட் செய்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அன்று மாலை ஃபோன் செய்தாள்.

"அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. என் பேரு எங்க இருக்குன்னு கேட்டாங்க. காட்டினேன். இன்னும் அதுமேலேயே விரல வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க."