பெயர் எழுதாத கார்டுகள்

நான் ஓய்வு பெற்ற மறு வருடம், 2006 என்று நினைவு, கடலூரில் எங்கள் பகுதிக் கேபிள்காரர் தன் சொந்தச் சேனலில் ஞாயிறுதோறும் பத்துப் பாட்டுகளை வரிசைப்படுத்தி ஒளிபரப்பிக்கொண்டிருந்தார். நேயர்கள் பிடித்த பாட்டைத் தபால் கார்டில் எழுதி அனுப்ப வேண்டும். வரிசை சரியில்லை என்று வாரம் தவறாமல் யாராவது சண்டைக்கு வந்ததால், விதிமுறை தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் விதிமுறையைத் தவிர வேறெதையும் தெரிந்துகொள்ளாத நான், மஞ்சக்குப்பத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டார், போனேன். சம்பளம் கிடையாது. டீயும் 'சார்' என்ற சொல்லும் உண்டு. டீ வீட்டிலும் கிடைக்கும்.

அந்தச் சமயத்தில் சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி பாடி வெளியிட்ட சிடி ஒன்று சுற்று வட்டாரத்தில் பிரபலமாகியிருந்தது. அதில் ஒரு பாட்டு, பிழைக்க வெளிநாடு போனவன் ஊரை நினைத்துப் பாடுவது. அதை முதலில் பாடியவன் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. பெண்ணாடத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவன். எண்பதுகளில் அந்தக் குழு போட்ட ஒரே கேசட்டில் இருந்த பாட்டு அது. சிதம்பரத்திலிருந்து புவனகிரிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் போகும் பஸ்களில் சில வருடங்கள் ஓடியது. பிறகு குழு கலைந்தது, கேசட்டும் காலமானது.

மாணவியின் பாட்டு எங்கள் வரிசையில் ஏறியதும், வயதானவர்கள் பழைய பாட்டைக் கேட்டு எழுதத் தொடங்கினார்கள். கேபிள்காரர் எங்கேயோ தேடிப் பழைய கேசட்டைப் பிடித்து ஒலிபரப்பினார். அடுத்த சில வாரங்கள் ஒரே பாட்டு இரண்டு குரல்களில் எங்கள் பத்துக்குள் இருந்தது. அவள் மேலே, இவன் கொஞ்சம் கீழே.

சிதம்பரத்தில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இருந்த மச்சானுக்கு நடை மாறிவிட்டது. காரணம் இருந்தது. மாசி மகத்துக்குக் கடற்கரையில் போடும் கச்சேரி மேடைக்கு, விழாக் குழு எங்கள் வரிசையைப் பார்த்துத்தான் உள்ளூர்ப் பாடகர்களைக் கூப்பிடும். அதுவரை பத்துக்குள் நின்றுவிட்டால் மேடை அவனுக்கு. தன் பாட்டைத் தன் குரலில் கூட்டத்துக்கு முன்னால் ஒரு முறை பாட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. வாரம் ஒரு முறை போன் செய்து, "இந்த வாட்டி எத்தனாவது மாமா?" என்பான்.

சிக்கல் கார்டுகளில் வந்தது. பாதிக் கார்டுகளில் பாட்டின் முதல் வரி மட்டும் இருந்தது, பாடியவர் பெயர் இல்லை. கேபிள்காரர் அதுவரை குத்துமதிப்பாக இருவருக்கும் பிரித்துப் போட்டு வந்தார். மாணவியின் தோழிகள் நேரில் வந்து நியாயம் கேட்டதும் கார்டுகளை என் முன்னால் கொட்டினார்.

"சார், பேர் போடாத கார்டெல்லாம் என்ன பண்றது? நீங்களே சொல்லிடுங்க."

சொந்தக்காரன் சம்பந்தப்பட்ட கோப்பில் கை வைக்கக் கூடாது, விலகிக்கொள்ள வேண்டும். இது பியூன் வரை எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. பணியில் இருந்தபோது இதைச் சொல்லிப் பலருக்கு விளக்கம் கேட்டு மெமோ அனுப்பியவன் நான். ஆனால் விலகவில்லை. விலகினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை யாரும் 'சார்' என்று கூப்பிட மாட்டார்கள். மச்சானுக்குச் சலுகை காட்டினேன் என்ற பேச்சும் வரக் கூடாது. ஆகவே இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"பாடுனவர் பேர் இல்லாத கார்டு செல்லாது. யாருக்கும் கிடையாது."

அவர் ஒரு கார்டைத் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் வயசானவங்க கையெழுத்து மாரி இருக்குது சார்" என்றார்.

எனக்கும் தெரியும். நடுங்கிய எழுத்துகள், புவனகிரி முத்திரை, பரங்கிப்பேட்டை முத்திரை. மாணவிக்கு எழுதியவர்கள் அவள் பெயரோடு படிக்கும் வகுப்பையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். இவர்களைப் பொறுத்தவரை அந்தப் பாட்டை இன்னொருவர் பாடியதாகவே கணக்கில்லை, பிறகு பெயர் எதற்கு? முதலில் பாடியவனைத் தவிர வேறு யாரையும் நினைக்காதவர்களின் ஓட்டுகளைத்தான் நான் கழித்துக் கட்டினேன். புதிய விதியை உட்பிரிவுகளோடு எழுதிக் கொடுத்தேன். அது திரையின் அடியில் பொடி எழுத்தில் ஓடியது. அந்த வேகத்தில் அதைப் படிக்கக் கூடியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பெயர் எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

இரண்டே வாரத்தில் மச்சான் வரிசையில் இல்லை.

"உங்க ரூல்ஸுக்கு என் தம்பிதான் கெடைச்சானா?" என்று கேட்டாள் என் மனைவி. நான் பாரபட்சமின்மை பற்றி ஆரம்பித்தேன். அவள் எழுந்து போய் மிக்ஸியைப் போட்டாள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எனக்கு அந்தப் பெண் பாடியதுதான் பிடித்திருந்தது. ஷேவ் செய்யும்போது அந்த மெட்டு என் வாயில் வரும், அவளுடைய வேகத்தில். மனைவி அதைக் கேட்டிருக்கிறாள்.

மச்சான் கோபிக்கவில்லை. போன் செய்வதை மட்டும் நிறுத்திக்கொண்டான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. விழாக் குழுச் செயலாளரைத் தெரிந்தவர் மூலம் பிடித்து, இவனை ஒரு முறை பாடக் கேட்டுவிட்டு முடிவு செய்யும்படி சிபாரிசு செய்தேன். வேலையில் இருந்த காலத்தில் சிபாரிசுடன் வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவன் என்பதால், எப்படிக் கேட்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அவர் சரி என்றதும் செய்தி சொல்லச் சிதம்பரம் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அவன் பாடுவது கேட்டது. அவன் பாட்டுத்தான், ஆனால் ஓடியது. விரலால் மேஜையில் தட்டித் தட்டி அந்தப் பெண்ணின் சிடியோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தான்.

"ஏன் மச்சான் இவ்ளோ வேகம்?"

"இப்ப இப்படித்தான் மாமா கேக்குறாங்க. ரெண்டாவது சரணத்துல அது மூச்சே எடுக்கல, கவனிச்சீங்களா? நான் அப்ப நடுவுல எடுத்துட்டேன். தப்பு."

கேசட்டில் அந்த இடத்தில் அவன் நின்று மூச்சு வாங்குவது கேட்கும். பஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட அங்கே ஒரு கணம் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அது தப்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கே அந்தப் பெண் பாடுவதுதான் பிடித்திருந்தது. "சாதகம் பண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

செயலாளர் வீட்டில் அவன் பாடினான். நல்ல சட்டை போட்டிருந்தான். மூச்சு எடுக்காமல் இரண்டாவது சரணத்தையும் கடந்தான், கழுத்து நரம்பு புடைத்தது. செயலாளர் நல்ல மனிதர், உண்மையாகவே ரசித்தார்.

"நல்லா இருக்குது சார். அந்தப் பொண்ணு பாடுனத அப்படியே பாடுறீங்க. எங்கயும் பிசகல."

மச்சான் சிரித்தபடி கும்பிட்டான். நான்தான் பொறுக்காமல், "பாட்டே இவருதுதாங்க, மொதல்ல பாடுனதே இவருதான்" என்றேன்.

"அப்படிங்களா?" செயலாளர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அப்ப ஏன் சார் லிஸ்ட்டுல இவரு இல்ல?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவன் அந்த அறையில் நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். அதற்குள் மச்சான், என் பக்கம் பார்க்காமலே, "கார்டு வரல சார்" என்றான்.

அந்தப் பாட்டைப் பாட மாணவியை ஏற்கெனவே பேசிவிட்டார்களாம். இவனுக்கு அவளுக்கு முன்னால் ஒரு இடம் கொடுத்தார்கள், ஒரு பழைய சினிமாப் பாட்டுக்கு. ஒப்புக்கொண்டான். கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி ஏறும் வரை வெயில் இந்த வருஷம் ஜாஸ்தி என்றுதான் பேசிக்கொண்டிருந்தான்.

மாசி மகத்தன்று எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள், வரிசையை நடத்துகிறவன் என்பதால். மச்சான் யாரோ பாடிய சினிமாப் பாட்டை நன்றாகவே பாடினான். அடுத்து அந்தப் பெண் மேடையேறி, மச்சானின் பாட்டைப் பாடினாள். அவன் மேடையோரம் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் நான் கைதட்டினேன். பக்கத்து நாற்காலியில் என் மனைவி கைகளை மடியில் வைத்தபடி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முயன்றேன், சற்றுத் தாமதமாகத்தான் முடிந்தது.