வாய்க்கால் கரையில் முப்பதாவது பூ

தென்காசியிலிருந்து குற்றாலம் போகப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும் என்பார்கள். என் மனைவி ஆனந்தவள்ளியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள். எனக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து ஆனதில்லை. வழியில் தோளைத் தட்டுவாள், நிறுத்த வேண்டும். இறங்கிப் போய்ச் சாக்கடை ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். அங்கே ஏதாவது ஒரு களைச்செடி பூத்திருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் வண்டிக்குக் காவல் நிற்க வேண்டும். போகிற வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம், "என்ன அண்ணாச்சி, வண்டி பஞ்சரா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இல்லை, பெண்டாட்டி பூ வரைகிறாள் என்று எத்தனை பேரிடம் சொல்வது?

அவள் கிராம சுகாதார செவிலியர். வடகரை, அச்சன்புதூர் பக்கம் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆறு வருடத்துக்கு முன்பு போனில் ஏதோ ஒரு வீடியோ பார்த்தாள். பேனாவால் சும்மா கோடு இழுத்து, அதன்மேல் தண்ணீர் வண்ணத்தை ஓடவிட்டுப் பூ வரைவதைப் பற்றிய வீடியோ. அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

நான் இருபத்துநான்கு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் எனக்கு. இவள் வரைவதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். பென்சிலில் போடக் கூடாதாம், எடுத்தவுடன் பேனாதானாம். தப்பாகப் போனால் அழிக்கக் கூடாதாம். இதழ் ஒரு பக்கம் இருக்கும், சிவப்பு அதைத் தாண்டி இன்னொரு பக்கம் வழிந்து கிடக்கும்.

"கோட்டைத் தாண்டிப் போகுதுல்லா?" என்பேன்.

"போகட்டும்."

"பாதி எலைக்குக் கலரே இல்லயே."

"அது போதும்."

எது போதும்? எனக்கு விளங்கவே இல்லை. சாரல் அடிக்கிறதே, தாள் நனைகிறதே என்று குடையைப் பிடித்தால், "குடைய அங்கிட்டுப் பிடிங்க, வெளிச்சம் மறைக்குது" என்பாள். நாலு துளி படத்தில் விழுந்து வண்ணம் ஊறிப் பரவினால் சந்தோஷப்படுவாள். ஒருதடவை அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று சுந்தரபாண்டியபுரத்துக்குச் சூரியகாந்தி வயல் பார்க்கக் கூட்டிப் போனேன். ஊரே வந்து போட்டோ எடுக்கிற வயல். இவள் அவ்வளவு பூவுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வரப்பில் இருந்த கடுகளவு மஞ்சள் பூவை வரைந்துகொண்டிருந்தாள். பெட்ரோல் போட்டு வந்ததற்கு நம் கொல்லையிலேயே உட்கார்ந்திருக்கலாமே என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இந்த வருடம் அஃப்ரின் வந்து சேர்ந்தாள். என் மனைவி கையால் தடுப்பூசி போட்டு வளர்ந்த பிள்ளைதான். இப்போது பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறாள். நம் பக்கத்துக் காட்டுப்பூக்கள் முப்பது படம் தாருங்கள் அக்கா, கல்லூரி நூலகத்துச் சுவரில் நிரந்தரமாக மாட்டுகிறோம் என்றாள். ஆனி மாதம் கடைசித் திங்கட்கிழமை கெடு. என் மனைவி அன்று சாப்பிடவில்லை. அத்தனை சந்தோஷம். அவள் பெயர் போட்டு ஒரு சுவரில் எதுவும் இதுவரை இருந்ததில்லை.

இருபத்தொன்பது சீக்கிரம் தயாராகிவிட்டது. முப்பதாவதில்தான் சிக்கல்.

வடகரையில் எங்கள் வயலை ஒட்டி ஒரு வாய்க்கால் கரை. அங்கே ஒரு பூ பூக்கிறது. சாரல் தொடங்கி எட்டுப் பத்து நாள்தான் இருக்குமாம். விடியும்போது விரிந்து, பத்து மணிக்கு மூடிவிடுமாம். அதற்குப் பெயர் யாருக்கும் தெரியாது. குற்றாலத்தில் மூலிகைக் கடை வைத்திருக்கும் நாசரிடம் போய்க் கேட்டோம். "எந்த நோய்க்கும் ஆவாது, அதான் பேர் வைக்கல போல" என்றார். வேறு எங்காவது இருக்குமா என்று மூன்று வருடமாக வேலைக்குப் போகிற ஊர் எல்லாம் தேடினாள், கிடைக்கவில்லை. மூன்று வருடமாக வரைந்தும் சரியாக வரவில்லை. ஒருதடவை வண்ணம் சேறாகிவிட்டது என்பாள், ஒருதடவை கோடு விறைத்துவிட்டது என்பாள். கெட்டுப்போன தாள்களைத் தூரப் போடவும் மாட்டாள். இருபது தாள் இருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள், பீரோவில் செருகியிருக்கிறாள். ஒன்றை எடுத்து நானே தயிர்ச் சட்டியை மூடி வைத்திருக்கிறேன்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை காலை, அவளை அந்தக் கரையில் இறக்கிவிட்டு நான் வண்டியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவளுக்கு முழங்கால் வரை சேறு. காலில் முள் கீறி ரத்தம். நிமிர்ந்து நிற்க என் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இன்னிக்கு கை நல்லா வந்துச்சு. நாளைக்கு வந்துரும். எனக்குத் தெரியுது" என்றாள்.

ஐம்பது வயதில் இந்தச் சேற்றில் குத்தவைத்து என்ன பாடு படுகிறாள். எனக்குப் பாவமாக இருந்தது. பட்டாளத்தில் பெரிய அதிகாரி வருகிறார் என்றால் முதல் வேலை புல் வெட்டுவதுதான். வருகிறவர் கால் வைக்கிற இடம் மொட்டையாக, சுத்தமாக இருக்க வேண்டும். மரியாதை என்றால் எனக்கு அதுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்திருக்கும் முன்பே மண்வெட்டியோடு கிளம்பிவிட்டேன். ஆறு மணிக்கு நல்ல வெளிச்சம். கரையில் பதினைந்தடி நீளத்துக்குப் புல், பூண்டு, முள் எல்லாவற்றையும் வேரோடு செதுக்கி வாய்க்காலில் தள்ளினேன். தரையை மிதித்துச் சமன்படுத்தினேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டேன். ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"இனிமே சேத்துல இருக்காண்டாம் வள்ளி. சேர்ல இருந்து வரையலாம்" என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "இங்கன இருந்த செடியெல்லாம் எங்க?"

"வெட்டி வாய்க்கால்ல விட்டேன். பாம்பு கெடக்கும்லா."

தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதன் ஓரமாகவே மதகு வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேற்றை ஒதுக்க வேண்டும் என்று நினைத்தேனே தவிர, அவள் எதை வரைய அங்கே வருகிறாள் என்று நான் நினைக்கவே இல்லை.

"இருபது தாள் வீட்டுல கெடக்கு. தெனமும் ஃபிரிட்ஜத் தெறக்கீங்க. இந்தச் செடிதான்னு தெரியலையா உங்களுக்கு?"

"எல்லாம் ஒண்ணுபோல பச்சையாக் கெடந்துச்சு" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினேன். "போன்ல போட்டோ இருக்கும்லா, அதப் பாத்து வரையேன்."

"போட்டோவப் பாத்து வரைஞ்சதுதான் அந்த இருபதுல பாதி."

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து, பேனாவைத் திறந்தாள்.

"சரி, சொல்லுங்க. கடைசியாப் பாத்தது நீங்கதான். எத்தன பூ இருந்துச்சு?"

நான் மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைக் காலால் தள்ளினேன்.

"நெறம்?"

வெள்ளை என்று வாய் வரை வந்தது. நிச்சயமாகத் தெரியாததால் விழுங்கிவிட்டேன்.

"விரிஞ்சிருந்துச்சா, மொட்டா இருந்துச்சா? அதையாவது சொல்லுங்க."

ஒரு மணி நேரம் குனிந்து நின்று வெட்டியவன் நான். எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

அவள் பேனாவை மூடினாள். திங்கட்கிழமை அஃப்ரினிடம் இருபத்தொன்பது படங்கள் போயின.