வேலியில் குறைந்த ரெண்டு மீட்டர்

காலையில டீம் குரூப்ல மெசேஜ்... "நம்ம ரெண்டு மீட்டர் தவறிட்டார். ஹார்ட் அட்டாக்."

செத்தப்புறமும் அந்தப் பட்டப்பேருதான். அவர் பேரு செல்வராஜ். கோவில்பட்டிக்காரர். ஒரகடம் ஃபேக்டரியில எங்க மெயின்டனன்ஸ் டீம்.

ஏழு வருஷம் முன்னாடி, புது ரோபோவைச் சுத்தி கம்பி வேலி போடணும். கட்டம் போட்ட டிராயிங், ஒரு கட்டம் ஒரு மீட்டர். அஞ்சு மூலைக்கும் புள்ளி குறிச்சிருந்தாங்க. சுத்தளவு பார்த்து எழுதிக் கொடுக்கணும், அவ்ளோதான் வேலை.

நாலு பக்கம் நேரா இருந்தது. ஃபோர்க்லிஃப்ட் திரும்ப ஒரு பக்கம் மட்டும் சாய்வு... (0,2)ல இருந்து (6,10).

ஆறு தள்ளி, எட்டு மேல. முறையா போட்டா பத்து மீட்டர். மேல ஏறின கட்டத்தை மட்டும் எண்ணி எட்டுன்னு எழுதியாச்சு. மொத்தம் நாப்பது வரணும், முப்பத்தெட்டுதான் வந்தது.

வேலி மாட்டினா கடைசியில ரெண்டு மீட்டர் ஓட்டை. புரொடக்ஷன் லைன் ஸ்டார்ட் ஆகல. மேனேஜர் கத்தின கத்துல கேன்டீன் வரைக்கும் கேட்டுது.

எழுதினது நான்.

"என் தப்புண்ணா, நானே சொல்லிடறேன்"னு போனேன். செல்வராஜ் அண்ணா கையைப் புடிச்சு இழுத்தார். "சும்மா கெடல. நீ காண்ட்ராக்ட்டு, வெளிய அனுப்பிருவாவ. என்னைய ரெண்டு ஏச்சு ஏசுவாவ, அம்புட்டுதான்."

தான் எழுதினதா அவரே மேனேஜர்கிட்ட சொல்லிட்டார். ஏச்சோட நிக்கல. டீம் லீடர் புரமோஷன் லிஸ்ட்ல அவர் பேரு வரவே இல்ல. "டிராயிங் படிக்கத் தெரியாதவன்"னு சொன்னாங்களாம். நான் பெர்மனென்ட் ஆனேன்.

அப்புறம் நான் எந்த டிராயிங்கை விரிச்சாலும் பக்கத்துல வந்து நிப்பார். "சாய்வு எதும் இருக்கால?" கேட்டுட்டு அவரே சிரிப்பார். நானும் சிரிப்பேன். வெட்கங்கெட்டவன்.

மத்தியானம் இருங்காட்டுக்கோட்டையில அவர் வாடகை வீட்டுக்குப் போனேன். ஊருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் நின்னுட்டிருந்தது. அவர் பொண்ணு, ஒன்பதாவது படிக்குது, என்கிட்ட கேட்டுச்சு.

"அப்பாவுக்குக் கணக்கு வராதுன்னு எல்லாரும் சொல்றாங்களே மாமா... ஆனா என் கணக்கெல்லாம் அப்பா கரெக்டாதான் போட்டுத் தருவாங்க."

ஆம்புலன்ஸ் கிளம்பிப் போயிடுச்சு.

பாப்பா, அந்தக் கணக்கை உங்க அப்பா போடல. மாமா போட்டேன். டீம்ல எல்லாரும் படிக்கட்டும்னுதான் இங்க எழுதறேன்.

செல்வராஜ் அண்ணா... மன்னிச்சிடுங்கண்ணா.