பஞ்சு ஒட்டாத கழுத்து

வேல்பாண்டி சவரம் செய்து முடித்த தாடையைப் பார்த்தால் சஞ்சீவி மலைக்கே வெட்கம் வந்துவிடும். தன் பாறையெல்லாம் இப்படிச் சொரசொரவென்று கிடக்கிறதே என்று மேகத்தை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளும். அந்தத் தாடையில் உட்கார்ந்த ஈயெல்லாம் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்து கிடக்கின்றன. இதையெல்லாம் சொன்னது வேறு யாருமில்லை, வேல்பாண்டியேதான். கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தவள் அவன் தங்கச்சி சத்யப்பிரியா. பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டுவிட்டு, சோழபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறி ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிறவள்.

வேல்பாண்டிக்குப் போலீஸ் வேலை என்றால் உயிர். எழுத்துப் பரீட்சையில் எப்படியோ தேறிவிட்டான், ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறிவிட்டான். மிச்சம் மெடிக்கல் மட்டும். அதுவரை உடம்பு தளர்ந்துவிடக் கூடாதென்று விடியற்காலையில் மைதானத்துக்குப் போய்வந்தான். அங்கே பயிற்சி கொடுப்பவர் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஐயாதுரை. அவரிடம் ஒரு வழக்கம். மில் பஞ்சில் ஒரு துணுக்கைப் பிய்த்து, வரிசையில் நிற்கிற பையன்களின் கழுத்தில் கீழிருந்து மேலாக இழுப்பார். ஒரு நார் ஒட்டினாலும் போச்சு. மற்றவன் இட்லி தின்னும்போது அவன் மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான்.

வேல்பாண்டி கழுத்தில் பஞ்சு ஒட்டியதே இல்லை. எப்படி ஒட்டும்? தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி வளர்கிற திசைக்கு எதிராக, வரப்பைச் செதுக்குகிற மாதிரிச் செதுக்குவான். சோப்பு கிடையாது, வெறும் பச்சைத் தண்ணீர். பிளேடோ மழுங்கி அவன் மூளையோடு போட்டி போட்டது. நம்மாள் சுருட்டை முடிக்காரர் வேறு. ஒட்ட வெட்டுப்பட்ட முடி வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்தது. கழுத்தெல்லாம் சிவந்த கொப்புளம். அதையும் ஊக்கால் குத்தினான் அந்த மகராசன். ஒன்றிரண்டில் சீழ் வைத்துவிட்டது.

"கண்ணாடி முன்னாடி நின்னு என்னத்தத் தோண்டுத? புதையலா?" என்று கேட்டாள் சத்யப்பிரியா.

"வேனல் கட்டி, ஏட்டி. சீழைப் பாத்தா மெடிக்கல்ல தள்ளி வச்சிருவாவன்னு கூட ஓடுத விமல் சொல்லுதான்."

"வேனல் கட்டியாம்! உள்ள முடி சுருண்டு கெடக்குல்லா. வாக்ஸிங் பண்ணிட்டுப் போறவளுகளுக்குக் கால்ல வருமே, அதே எழவுதான். ஊக்கக் கீழ போடு. கொஞ்ச நாளைக்கு ரேசரைத் தொடாத. வெந்நீர்ல துணிய முக்கி ஒத்தடம் கொடு. சீழ் வச்சத டாக்டர்ட்டக் காட்டு."

"ஏட்டி, பொம்பளை காலுக்குப் பாக்குற வைத்தியத்தப் போலீஸ்காரன் கழுத்துக்குச் சொல்லுதியா?"

"போலீஸ்காரனா? எந்த ஸ்டேசன் ஏட்டையா நீங்க?"

போலீஸ்காரர் அன்று சாயங்காலமே எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்துக் கழுத்தில் தேய்த்துக்கொண்டார். அவர் போட்ட கூப்பாட்டில், கூரையில் உட்கார்ந்திருந்த காக்கா அடுத்த தெருவுக்குக் குடிபோய்விட்டது. சத்யப்பிரியா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினாள்.

மறுநாள் ரேசரைக் காணவில்லை.

"எலி தூக்கிருக்கும்," என்றாள் அவள், தோசையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்கும் போலீஸ்ல சேர ஆசை இருக்காதாக்கும்?"

புதிதாக ஒன்று வாங்கிவந்தான். அதையும் எலி தூக்கியது. போகிறபோக்கில் அந்த எலி ஒரு சொம்பு வெந்நீரும் துவைத்த துணியும் வைத்துவிட்டுப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் ஒத்தடம் கொடுத்தான். ஆனால் தாடி முளைத்த கழுத்தோடு ஐயாதுரை முன்னால் எப்படிப் போய் நிற்பது? போர்வைக்குள் சுருண்டுகொண்டான், வருங்காலக் காவல்துறை.

அன்று பார்லருக்குப் போகிற வழியில் சத்யப்பிரியா நடுவில் இறங்கி, ஐயாதுரை வீட்டில் பேச வேண்டியதைப் பேசிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் அவரே போனில் கூப்பிட்டு, "வாலே, ஒனக்குப் பஞ்சு கிடையாது," என்றார்.

அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனார்கள். சத்யப்பிரியா துணைக்குப் போகவில்லையாம், வேடிக்கை பார்க்கப் போனாளாம். டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்தார். ஆறின பிறகு முடி வளர்கிற போக்கிலேயே, நுரை போட்டு, புது பிளேடால், தோலை இழுக்காமல் வழிக்கச் சொன்னார். தங்கச்சி சொன்னபோது பொம்பளை வைத்தியமாக இருந்தது, வெள்ளைக் கோட்டு சொன்னதும் வேதமாகிவிட்டது.

மெடிக்கல் வந்தபோது கழுத்தில் லேசான கறுப்புத் தடம்தான் மிச்சம். தேறிவிட்டான். நேராக ஐயாதுரை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்தான்.

"ஒன்னையப் போய்த் தேத்திருக்காவன்னா, அங்க கண்ணு தெரியாத டாக்டரத்தான் போட்டிருப்பாவ," என்றாள் சத்யப்பிரியா.

அவன் சண்டைக்கு வரவில்லை.

"நீ ஐயாதுரை ஐயா வீட்டுக்குப் போயிருந்தியாம்ல?"

"ஆமா. இவன் கழுத்துல இழுத்தா பஞ்சுக்கே சொறி வந்திரும்னு சொல்லிட்டு வந்தேன்."

"அவிய அப்படிச் சொல்லலயே. எங்க அண்ணன் இதுல தோத்தா ஒடைஞ்சு போயிருவான், கொஞ்ச நாள் விட்டுருங்கன்னு சொல்லி, அவிய வீட்டம்மா தண்ணி கொண்டாந்து கொடுக்க வரைக்கும் அழுதியாம்ல?"

"அது எலியா இருக்கும்," என்றாள் சத்யப்பிரியா, அடுப்படிக்குள் நுழைந்துகொண்டே.